தேள் முதல் மட்டி வரை: நெல்லைச் சீமையின் முதுகெலும்பில்லா உயிர்கள் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பாபநாசம், களக்காடு மலையடிவாரம் தொடங்கி உவரி, மணப்பாடு கடற்கரை வரைக்கும் வீட்டிலும் வயலிலும் தேரி எனும் செம்மணல் காட்டிலும் கண்ணில் படும் சிற்றுயிர்கள் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. விலங்கினங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் முதுகெலும்பு இல்லாதவைதான். அவற்றில் நமக்கு ஆபத்தானவை மிகச் சில. அந்தச் சிலவற்றை அடையாளம் தெரியாததால்தான் மற்ற எல்லாமும் சேர்ந்து செருப்படி படுகின்றன.

எல்லாவற்றையும் பூச்சி என்றுதான் சொல்கிறோம். எதை வைத்துப் பிரிப்பது?

காலை எண்ணுங்கள். ஆறு கால் என்றால் பூச்சி: எறும்பு, ஈசல், வண்டு, தட்டான், குளவி. எட்டு என்றால் சிலந்தி, தேள், உண்ணி. பத்து என்றால் நண்டும் இறாலும். நண்டின் கொடுக்கு இரண்டும் கால் கணக்கில் சேரும். தேளின் இடுக்கி சேராது, அது வாயை ஒட்டிய உறுப்பு. எண்ணி முடியாத அளவுக்குக் கால் இருந்தால் ஒரே ஒரு கணுவை மட்டும் பாருங்கள். கணுவுக்கு ஒரு ஜோடி என்றால் பூரான், இரண்டு ஜோடி என்றால் மரவட்டை. கம்பளிப்புழுவில்தான் பலர் ஏமாறுவார்கள்: முன்னால் இருக்கும் ஆறுதான் உண்மையான கால், பின்னால் இருப்பவை பிடிமானத்துக்கான சதைக்கால்கள்.

பெரிய கருந்தேள், சின்னச் செந்தேள்: எது மோசம்?

சின்னதுதான். நட்டுவாக்காலி என்று சொல்லும் பெரிய கருந்தேள் உள்ளங்கை நீளம் இருக்கும், பார்த்தாலே குலை நடுங்கும். ஆனால் அதன் விஷம் வலியும் வீக்கமும் தருவதோடு பெரும்பாலும் அடங்கிவிடும். செந்தேள் விரல் நீளம்தான், வைக்கோல் மஞ்சளிலிருந்து செம்பழுப்பு வரை நிறம் மாறும். இந்தியாவில் ஆளைக் கொல்லும் தேள் இதுதான்.

நிறத்தை மட்டும் நம்பக் கூடாது, இடுக்கியையும் வாலையும் பாருங்கள். இடுக்கி தடித்தும் வால் மெலிந்தும் இருந்தால் அது இரையை நசுக்கிப் பிடித்துத் தின்னும் தேள், விஷத்தை அதிகம் நம்பியிருக்காது. இடுக்கி மெலிந்தும் வால் தடித்தும் இருந்தால் விஷத்தாலேயே பிழைக்கும் தேள். இந்த அடையாளம் பொதுவாகப் பொருந்தும். ஆனாலும் கொட்டிய பிறகு இதை வைத்துச் சமாதானம் ஆகிவிட வேண்டாம்.

தேள் கொட்டினால் உடனே என்ன செய்ய வேண்டும்?

கொட்டிய இடத்தைச் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை வையுங்கள், வலி குறையும். இறுக்கிக் கயிறு கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது மூன்றும் கூடாது. கொட்டுப்பட்டது குழந்தை என்றால் எந்தத் தேள் என்று பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

பெரியவர்களிடம் கவனிக்க வேண்டிய அறிகுறிகள்: உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டுவது, கை கால் சில்லிட்டுப் போவது, வாந்தி, நெஞ்சு படபடப்பு, மூச்சு இரைப்பு. செந்தேள் விஷம் நரம்புகளை முடுக்கி இரத்தக் குழாய்களைச் சுருக்கி, இரத்த அழுத்தத்தை ஒரேயடியாக ஏற்றிவிடும். இதயம் தாங்காமல் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதால்தான் சாவு நேர்கிறது. மகாராஷ்டிரத்தின் மகாட் ஊரில் மருத்துவம் பார்த்த ஹிம்மத்ராவ் பவஸ்கர், இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிரசோசின் மாத்திரை இந்தச் சங்கிலியை அறுக்கும் என்று காட்டிய பிறகு சாவுகள் வெகுவாகக் குறைந்தன. மாத்திரை விலை மலிவு. அளவைத் தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவர். மந்திரிப்பதில் போகும் ஒரு மணி நேரம்தான் உயிரை வாங்குவது.

வீட்டில் தேள் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

புற ஊதா டார்ச் ஒன்று வாங்குங்கள், கள்ள நோட்டுப் பார்க்க வைத்திருப்பார்களே, அதுவே போதும். இருட்டிய பிறகு மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு அடித்துப் பார்த்தால் தேளின் தோல் பச்சை கலந்த நீலமாக ஒளிரும். அப்போதுதான் தோலுரித்த தேள் மட்டும் ஒளிராது. செங்கல் அடுக்கு, விறகுக் குவியல், பனையோலைக் கட்டு, கொல்லையில் கழற்றிப் போட்ட செருப்பு, இந்த நான்கையும் முதலில் பாருங்கள். முதுகில் குஞ்சுகளைச் சுமக்கும் தாய்த்தேளைக் கண்டால் அடிக்காதீர்கள். குஞ்சுகள் நாலாபுறமும் சிதறி ஓடிவிடும். அகலமான டப்பாவைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி எடுத்துக்கொண்டு போய் வீட்டுக்கு எட்டத்தில் விடுங்கள்.

பூரான் காதுக்குள் புகுந்து மூளைக்குப் போகுமா?

போகாது. காதுத் துளைக்கும் மூளைக்கும் நடுவே செவிப்பறையும் எலும்பும் இருக்கின்றன. தரையில் படுத்திருப்பவர் காதில் இருட்டும் ஈரமும் தேடி எப்போதாவது ஒன்று புகுந்துவிடும், அவ்வளவுதான். அப்படி நேர்ந்தால் குச்சியோ ஊக்கோ விட்டுக் குடையாதீர்கள். தலையைச் சாய்த்து, வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெய் சில சொட்டு விடுங்கள். உள்ளே இருப்பது மூச்சடைத்து அடங்கும். பிறகு மருத்துவர் எடுத்துவிடுவார். காதில் சீழ் வடிபவர்களும் செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்களும் எண்ணெயும் விடக் கூடாது.

பூரான் பல்லால் கடிப்பதில்லை. அதன் முதல் ஜோடிக் கால்களே விஷக் கொடுக்காக மாறியிருக்கின்றன. கடித்த இடத்தைத் தோல் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் இருபது, முப்பது நிமிடம் வைத்தால் வலி நன்றாகத் தணியும். கரப்பானை வேட்டையாடுவதில் பூரானுக்கு ஈடில்லை.

மரவட்டை?

கடிக்காது, கொட்டாது. மக்கிய இலை தின்று மண்ணுக்கு உரம் ஆக்கும். தொந்தரவு செய்தால் சுருண்டுகொண்டு நெடியடிக்கும் நீரைக் கசியவிடும். அது தோலில் பழுப்புக் கறை விடும், கண்ணில் பட்டால் எரியும். பிள்ளைகள் தொட்டு விளையாடினால் கையைக் கழுவச் சொல்லுங்கள்.

தென்னையில் கடந்தைக் கூடு இருக்கிறது. தீ வைத்துக் கலைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். கடந்தை கருத்த உடம்பும் வயிற்றில் மஞ்சள் பட்டையும் உள்ள பெருங்குளவி. மர நாரை மென்று காகிதம் போன்ற கூடு கட்டும். தேனீ ஒரு தடவை கொட்டினால் கொடுக்கு நம் தோலிலேயே தங்கிவிடும். கடந்தையின் கொடுக்கில் அந்த முள் அமைப்பு இல்லாததால் ஒரே கடந்தை பல முறை கொட்டும். கூடு அசைந்தால் மொத்தமும் கிளம்பும். பகலில் புகை போட்டுக் கலைக்கப் பார்ப்பதும், மரம் ஏறுபவர் கூட்டைக் கவனிக்காமல் ஏறிவிடுவதும்தான் விபத்துகளுக்கு முக்கியக் காரணம்.

தீயணைப்புத் துறைக்கு 101-ல் சொல்லுங்கள். அவர்கள் பாதுகாப்பு உடையோடு, கடந்தைகள் கூட்டில் அடையும் இரவு நேரத்தில் அகற்றுவார்கள். அதுவரை அந்த மரத்தடியில் ஆடு மாடு கட்டாதீர்கள்.

கூட்டமாகத் துரத்தினால் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு ஓடி ஒரு வீட்டுக்குள் புகுந்து கதவை அடைக்க வேண்டும். குளத்தில் குதித்தால் தலையை வெளியே எடுக்கும் வரை மேலேயே சுற்றும். தேனீ கொட்டியிருந்தால் கொடுக்கை நகத்தால் வழித்துவிடுங்கள். எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதே முக்கியம். உதடு வீங்குவது, குரல் கம்முவது, மூச்சு முட்டுவது இருந்தால் ஒரே ஒரு கொட்டாக இருந்தாலும் உடனே மருத்துவமனை. பல இடத்தில் கடந்தை கொட்டியவருக்கு மறுநாள் சிறுநீர் கருத்தோ சிவந்தோ போனால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கலாம். வலி குறைந்துவிட்டது என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது.

குளவி கொட்டக் கொட்டப் புழு குளவியாகும் என்பது உண்மையா?

பார்த்ததைச் சரியாகப் பார்த்திருக்கிறார்கள், நடுவில் நடப்பது மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை. சுவரிலும் கதவு நிலையிலும் மண் கூடு கட்டும் குளவி, தனியாக வாழ்வது. குளத்தங்கரையிலிருந்து ஈர மண்ணை உருண்டை பிடித்து வாயில் கவ்விக்கொண்டு வந்து, ரீங்காரம் போட்டபடி வைத்துப் பூசும். அந்த அதிர்வில்தான் மண் இளகி ஒட்டுகிறது. ஒரு வகை, அறையின் உச்சியில் மெல்லிய இழையில் ஒரே ஒரு முட்டையைத் தொங்கவிட்டுவிட்டு, பச்சைப் புழுக்களைக் கொட்டிக் கொண்டுவந்து அடைக்கும். இன்னொரு வகை சிலந்திகளை மட்டுமே அடைக்கும்.

அந்தக் கொட்டு இரையைக் கொல்வதில்லை, அசையவிடாமல் மட்டும் செய்யும். செத்திருந்தால் இரண்டு நாளில் அழுகிவிடும். உயிரோடு கிடப்பதால் கெடாமல் இருக்கிறது. முட்டையிலிருந்து வரும் குளவிப்புழு அவற்றை ஒவ்வொன்றாகத் தின்று, கூட்டுப்புழுவாகி, கடைசியில் மண்ணைக் குடைந்துகொண்டு குளவியாக வெளியே வரும். உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி. கூட்டில் வட்டமான துளை இருந்தால் அது வெளியேறிவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகு கூட்டைத் தட்டிவிடலாம். துளை இல்லாவிட்டால் கொஞ்ச நாள் பொறுத்திருங்கள். இந்தக் குளவி கூட்டைக் காக்க யாரையும் துரத்தி வராது. கத்திரியையும் பருத்தியையும் தின்னும் புழுக்களைக் காசு வாங்காமல் பிடித்துத் தருகிறது.

தேரி மணலிலும் கோயில் மண்டப ஓரத்திலும் சின்னச் சின்னக் குழி இருக்கிறதே, என்ன அது?

குழியானை என்ற பூச்சி, இறக்கை முளைக்கும் முன் புழுவாக இருக்கும்போது வாழும் வீடு. திசையன்விளை, சாத்தான்குளம், குதிரைமொழி பக்கத்துத் தேரிக்காடுகளில் செம்மணல் உலர்ந்து தளர்ந்து கிடப்பதால், மழை படாத மர நிழலில் வரிசையாகப் பார்க்கலாம்.

ஒரு குழியின் பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். குழி ஒன்றிரண்டு அங்குல அகலத்தில், புனலைப் புதைத்துவைத்தது போல் கீழே குறுகும். சரிவு சரியாக மணல் நிற்கக்கூடிய எல்லையில் இருக்கும். ஒரு எறும்பின் எடை கூடினாலே சறுக்கும். அடியில் புதைந்திருக்கும் புழுவின் தாடைகள் மட்டும் முட்கள் போலத் தெரியும். எறும்பு ஏறித் தப்பப் பார்த்தால், தட்டையான தலையால் மணலை வாரி மேலே எறியும். அது எறும்பின் மேல் படுவதைவிடக் கீழே மணலைக் குறைத்துச் சரிவைக் குலைப்பதுதான் அதிகம் வேலை செய்கிறது. தாடைகளுக்குள் குழாய் உண்டு. செரிமான நீரை இரைக்குள் செலுத்தி, கரைந்ததை உறிஞ்சிவிட்டுச் சக்கையை வெளியே எறிந்துவிடும்.

குழி வெட்டுவது பின்னோக்கி நடந்து, வட்டம் வட்டமாகச் சுற்றித்தான். கையில் எடுத்து வைத்தாலும் பின்னாலேயே போகும். இந்தப் பருவம் முழுவதும் அது கழிவை வெளியேற்றுவதே கிடையாது. குடல் பாதியில் அடைபட்டிருக்கும், இறக்கை முளைத்த பிறகுதான் எல்லாம் வெளியே வரும். கடைசியில் பின்புறத்திலிருந்து பட்டு நூல் சுரந்து மணலைக் கோத்து உருண்டைக் கூடு செய்து உள்ளே அடங்கும். வெளியே வருவது தட்டான் மாதிரி இருக்கும். முனை தடித்த நீண்ட உணர்கொம்பு இருந்தால் குழியானை, உணர்கொம்பு கண்ணுக்கே தெரியாத அளவு சிறிதாக இருந்தால் தட்டான்.

முதல் மழைக்குச் செம்மண் காட்டில் வரும் சிவப்புப் பட்டுப்பூச்சி எங்கிருந்து வருகிறது?

மண்ணுக்குள்ளிருந்துதான். தம்பலப்பூச்சி என்றும் சொல்வார்கள். எட்டுக் கால், அதனால் உண்ணிக்குச் சொந்தம். வருடத்தில் பெரும் பகுதி மண்ணுக்கடியில் கிடந்துவிட்டு, நல்ல மழை பெய்து வெயில் அடித்ததும் இணை தேடவும் இரை தேடவும் மேலே வரும், சில மணி நேரத்தில் திரும்பிவிடும். குஞ்சுக்கு ஆறே கால். வெட்டுக்கிளி போன்றவற்றின் உடம்பில் ஒட்டிக்கொண்டு வளரும். அந்தப் பளிச்சிடும் சிவப்பு, ‘என்னைத் தின்றால் கசக்கும்’ என்று பறவைக்குச் சொல்லும் எச்சரிக்கை. தீப்பெட்டியில் அடைத்தால் ஈரம் இல்லாமல் செத்துப்போகும். எண்ணெய் காய்ச்சவும் மருந்துக்கும் வாரிக்கொண்டு போவது இணை சேர வந்தவற்றை அழிப்பதால், அடுத்த வருடத்துக்கானதும் சேர்ந்து போய்விடும்.

மாஞ்சோலை, குற்றாலம் மலைப்பக்கம் போனால் அட்டை ஏறுகிறது. எப்படி எடுப்பது?

மெலிந்த முனைதான் வாய். அதன் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து நெம்பி விடுவியுங்கள், பிறகு தடித்த பின்முனையை எடுங்கள். உப்பு, புகையிலை நீர், தீக்குச்சி எதை வைத்தாலும் விழும், ஆனால் விழும்போது வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள் கக்கிவிடும், புண் சீழ் பிடிக்கும். இரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் எடுத்த பிறகும் வெகுநேரம் கசியும். பயப்பட வேண்டாம், கழுவி, அழுத்திக் கட்டுங்கள். காலுறைக்குள் கால்சட்டையைச் செருகிக்கொண்டு, காலுறையின் மேல் உப்பையோ புகையிலைத் தூளையோ தேய்த்துவிட்டு நடந்தால் ஏறுவது குறையும்.

தென்னங்குருத்து விசிறி மாதிரி வெட்டுப்பட்டு வருகிறது. என்ன செய்யலாம்?

காண்டாமிருக வண்டு. விரியாத குருத்தைக் குடைந்து சாறு குடிப்பதால், மட்டை விரியும்போது வெட்டு வரிசையாகத் தெரியும். பலர் மரத்துக்கு மட்டும் மருந்து வைக்கிறார்கள். வண்டு முட்டையிடுவது மரத்தில் இல்லை, எருக்குழியில். தோப்பில் குழி இருக்கும் வரை வண்டு ஓயாது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எருவைப் புரட்டி, வளைந்து கிடக்கும் வெள்ளைப் புழுக்களைப் பொறுக்குங்கள். பச்சை மஸ்கார்டின் பூசணத்தை எருவில் கலந்தால் அது புழுவின் மேல் வளர்ந்து கொல்லும். மட்கிய மரத்தூரைத் தோப்பில் போட்டு வைக்காதீர்கள்.

மரத்தில் செய்ய வேண்டியது: கொக்கிக் கம்பியை ஓட்டையில் விட்டு வண்டைக் குத்தி எடுப்பது; உள்குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்குகளில், இடுக்குக்கு ஒன்றாக மூன்று நாப்தலின் உருண்டை வைத்து மணலால் மூடி, 45 நாளுக்கு ஒருமுறை மாற்றுவது. வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து மரத்துக்கு 150 கிராம் அதே இடுக்குகளில் போடலாம். ஐந்து லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கைக் கரைத்துச் சின்ன மண்பானைகளில் வைத்தால் வண்டு வாசம் பிடித்து வந்து விழும். கோடை மழை விழுந்ததும் விளக்குப் பொறி வைப்பது நல்ல பலன் தரும்.

இதைத் தள்ளிப்போட்டால் வருவது சிவப்புக் கூன்வண்டு. முதல் வண்டு போட்ட காயத்தில் அது முட்டையிடும், புழுக்கள் தண்டைக் குடைந்து மரத்தையே சாய்த்துவிடும். தண்டில் ஓட்டை, அதிலிருந்து பழுப்பு நிறக் கசிவு, மென்று துப்பிய நார் தெரிந்தால் அதுதான். ஏறுவதற்குத் தண்டில் படி வெட்டாதீர்கள். பச்சை மட்டை வெட்டினால் தண்டிலிருந்து 120 செ.மீ. விட்டு வெட்டுங்கள். பனைக்கும் இந்த வண்டு வரும்.

ஓலைக்கு அடியில் வெள்ளை வெள்ளையாக, மேலே கரி பூசினது போல் இருக்கிறதே?

ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் இந்தியாவில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. ஈ கழிக்கும் தேன் போன்ற நீரில் கரும்பூசணம் வளர்வதால்தான் ஓலை கருக்கிறது. மருந்து அடிக்க அவசரப்படாதீர்கள். என்கார்சியா என்ற மிகச் சின்னக் குளவி இந்த ஈயின் இளம் பருவத்துக்குள் முட்டையிட்டு அழிக்கிறது. ஓலையடியில் வட்டத் துளையோடு காலிக் கூடுகள் தெரிந்தால் அது வந்துவிட்டது. பூச்சிக்கொல்லி அடித்தால் முதலில் சாவது அதுதான், ஈ இரட்டிப்பாகத் திரும்பும். ஓலையின் அடிப்புறத்தில் தண்ணீரைப் பீய்ச்சியடியுங்கள். ஆமணக்கு எண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறி ஏக்கருக்கு எட்டு கட்டுங்கள். லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் காய்ச்சிக் கஞ்சியாக்கித் தெளித்தால் கரும்பூசணம் காய்ந்து உரிந்து விழும்.

வயல் நண்டு வரப்பைத் துளைத்துத் தண்ணீரை ஓட்டிவிடுகிறது. வளையில் குருணை மருந்து போடலாமா?

போட்டால் நண்டோடு நிற்காது. செத்த நண்டைத் தின்னும் கொக்கு, அரிவாள்மூக்கன், கீரி எல்லாம் போகும், மருந்து வாய்க்காலில் இறங்கும். கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவத்திலும் நடவுக்கு முன்னால் வரப்பைக் கழித்து, வளையை மிதித்து அடைத்து, சேற்றை அணைத்துப் பூசுவதுதான் நிலைக்கும்.

ஆணா பெண்ணா என்று பார்க்க நண்டைத் திருப்புங்கள். வயிற்று மடிப்பு குறுகலாக இருந்தால் ஆண், அகலமாக இருந்தால் பெண். கடல் நண்டின் முட்டை நீரில் மிதக்கும் நுண்ணிய குஞ்சாகப் பொரியும். வயல் நண்டு அப்படிச் செய்யாது. முட்டை அந்த மடிப்புக்குள்ளேயே பொரிந்து, முழு நண்டு உருவத்தில் குஞ்சுகள் வெளியே வரும். குஞ்சு சுமக்கும் பெண்ணைப் பிடிக்காமல் விடுங்கள். மற்றதை நன்றாக வேகவைத்தே சாப்பிடுங்கள். அரைவேக்காட்டு நன்னீர் நண்டில் நுரையீரலைத் தாக்கும் புழு இருக்க வாய்ப்புண்டு.

ஆற்றில் மட்டி குறைந்துபோனது ஏன்?

மட்டி, இரண்டு ஓடு கொண்ட சிப்பி வகை. மணலில் பாதி புதைந்து நின்று, நாள் முழுவதும் தண்ணீரை உள்ளே இழுத்து வடிகட்டி விடும். அதன் குஞ்சு தனியாக வாழ முடியாது. சில வாரம் மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டிக்கொண்டிருந்து, பிறகுதான் மணலில் இறங்கும். பொதிகையிலிருந்து புன்னைக்காயல் வரை சுமார் 128 கி.மீ. ஓடும் தாமிரபரணியில் மட்டிக்கு மூன்றும் வேண்டும்: மணல், ஓட்டம், உள்ளூர் மீன். மணலை அள்ளினால் இருப்பிடம் போகும். சாக்கடை கலந்தால் செவுள் அடைபடும். மீன் போனால் மட்டி கிழடாகி நிற்கும், குஞ்சு இருக்காது. பெரிய மட்டிகள் மட்டும் கிடைத்து விரல் நக அளவு குட்டிகள் கிடைக்காத துறை என்றால், அங்கே இனப்பெருக்கம் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஐப்பசியில் கூட்டமாகத் தட்டான் பறப்பது மழைக்கா?

மழையோடு சேர்ந்து வருபவை. இளமஞ்சள் நிறத்தில் அகன்ற பின்னிறக்கையோடு ஓயாமல் சுற்றும் இனம், பருவக்காற்றைப் பிடித்து இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கடல் கடக்கிறது என்று உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் 2009-ல் எழுதினார். தேங்கிய மழைநீரில் முட்டையிடும். நீருக்குள் வளரும் குஞ்சு கொசுப்புழுவைத் தின்னும்.

கடற்கரையில் சங்கு, சோழி பொறுக்கலாமா? கடல் அட்டை பிடிக்கலாமா?

கடல் அட்டையும் பவளமும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் இருக்கின்றன; பிடிப்பதும் விற்பதும் குற்றம். சில சங்கு, சோழி வகைகளும் அப்படியே. உள்ளே உயிர் இருக்கும் எதையும் எடுக்காதீர்கள். காலி ஓடாகத் தெரிந்தாலும் கொஞ்ச நேரம் மணலில் வைத்துப் பாருங்கள்: துறவி நண்டு குடியிருந்தால் கால் நீட்டி நடந்துவிடும்.